டவான்ட்டே ஆடம்ஸின் விலை

2024 அக்டோபர் 14, திங்கள் இரவு. நியூ ஜெர்ஸியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருக்கும் மெட்லைஃப் மைதானத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணி பஃபலோ பில்ஸிடம் 20-23 என்று தோற்றது. ஆறு ஆட்டங்களில் ஜெட்ஸுக்கு அது நான்காவது தோல்வி, பில்ஸுக்கு நான்காவது வெற்றி. மறுநாள் இரண்டு அணிகளும் ஒரே காரியத்தைச் செய்தன. முப்பது வயதைத் தொட்டுவிட்ட, பெயர்பெற்ற ஒரு வைட் ரிசீவரை வேறோர் அணியிடமிருந்து வாங்கின. ஜெட்ஸ் வாங்கியது லாஸ் வேகஸ் ரெய்டர்ஸின் டவான்ட்டே ஆடம்ஸை. பில்ஸ் வாங்கியது கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் அமாரி கூப்பரை. இருவருக்கும் கொடுக்கப்பட்ட முதன்மையான விலையும் ஒன்றே: 2025 டிராஃப்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வு.

ஒரே நாள், ஒரே விலை. ஆனால் ஒன்றை நியாயமான கொள்முதல் என்றும் மற்றதைத் தவறு என்றும் சொல்வேன். ஏன் என்பதைக் கணக்கோடு காட்ட வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதிலும் நான் தவறு என்று சொல்லப்போவது, களத்தில் மிக நன்றாக ஆடியவரை வாங்கிய பேரத்தை.

அமெரிக்கன் ஃபுட்பாலை எப்போதாவது பார்ப்பவர்களுக்காக இரண்டு வரி. குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் வைட் ரிசீவர். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் வருடாந்தரத் தேர்வு. தன் முறையை ஓர் அணி இன்னோர் அணிக்கு விற்கலாம். அதனால் அந்த முறைதான் இந்த விளையாட்டின் நாணயம். ஒரு வீரரை விற்கும்போது "இரண்டாம் சுற்று", "ஐந்தாம் சுற்று" என்றுதான் விலை பேசுவார்கள்.

ஆடம்ஸ் அதற்கு முன்பும் ஒருமுறை கைமாறியவர். 2022 மார்ச்சில் கிரீன் பே பேக்கர்ஸ் அவரை ரெய்டர்ஸுக்கு விற்றது. அப்போது அவருக்கு வயது 29. முந்தைய பருவத்தில் 123 பந்துகளைப் பிடித்து 1,553 யார்டு எடுத்திருந்தார். அவருக்காக ரெய்டர்ஸ் கொடுத்தது அந்த ஆண்டின் 22வது, 53வது தேர்வுகளை. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பயன்படுத்திப் புகழ்பெற்ற ஒரு மதிப்புப் பட்டியல் இருக்கிறது. முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி என்று தொடங்கி, ஒவ்வொரு தேர்வுக்கும் குறைந்துகொண்டே வரும். இன்று ஒவ்வோர் அணியும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதே போதும். அதன்படி 22வது தேர்வுக்கு 780, 53வதுக்கு 370. கூட்டினால் 1,150. அது முதல் சுற்றின் 13வது தேர்வுக்குச் சமம். மூன்றாம் சுற்றுத் தேர்வு எதுவானாலும் அந்தப் பட்டியலில் 265க்கு மேல் போகாது, சுற்றின் கடைசியில் 116 வரை இறங்கும்.

ஆக, 31 மாதங்களில் ஆடம்ஸின் விலை கால்பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆடம்ஸ் கால்பங்கு ஆட்டக்காரராகிவிட்டாரா?

இல்லவே இல்லை. 2022இல் ரெய்டர்ஸுக்காக 1,516 யார்டு, 14 டச்டவுன். அந்த 14 அந்த ஆண்டு ரிசீவர்களில் மிக அதிகம். 2023இல் குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி வந்த குழப்பத்திலும் 103 பிடிகள், 1,144 யார்டு. 2024இல் மூன்று ஆட்டம் ஆடினார், பிறகு தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அந்த இடைவெளியில்தான் தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிட்டால் நல்லது என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார்.

எண்களை மட்டும் வைத்து முதிர்ந்த ரிசீவரை மதிப்பிடுவது ஏமாற்றும். எந்தத் திறமையால் அந்த எண்கள் வந்தன என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் திறமையும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை.

ஆடம்ஸ் கோட்டில் நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். எதிரில் ஒரு கை நீளத்தில், அவரைத் தடுக்க, கார்னர்பேக் நிற்கிறார். பந்து நகர்ந்ததும் பெரும்பாலான ரிசீவர்கள் பாய்ந்து ஓடுவார்கள். ஆடம்ஸ் உடனே ஓடுவதில்லை. கால்கள் இருந்த இடத்திலேயே இரண்டு மூன்று தட்டுத் தட்டுகின்றன. தோள் வெளிப்பக்கம் சாய்கிறது, உடல் எடை முழுவதும் வெளிக்காலில் இறங்கியது போலத் தெரிகிறது. எதிராளி அதை நம்பி இடுப்பைத் திருப்புகிறார். திருப்பிய அந்தக் கணத்தில் ஆடம்ஸ் உள்பக்கம் போய்விட்டிருக்கிறார். எதிராளியின் கை நீளும்போது அங்கே பிடிக்க ஆள் இல்லை. பாலோ ஆல்டோவில் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர் அவர். பந்தைத் தட்டிக்கொண்டே எதிராளியை ஒருபக்கம் இழுத்து மறுபக்கம் புகும் அந்த நடையை அப்படியே இங்கே கொண்டுவந்தார். இந்த ஆட்டத்தில் இதற்கு ரிலீஸ் என்று பெயர். கடந்த பத்தாண்டில் இதை இவரளவுக்குக் கைவரப்பெற்றவர் வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

இந்த வித்தைக்கு அசுர வேகம் தேவையில்லை. 2014 டிராஃப்டுக்கு முன்பு நடந்த சோதனையில் ஆடம்ஸ் 40 யார்டை 4.56 வினாடியில் ஓடினார். ரிசீவருக்கு அது நடுத்தரம்தான். இரண்டாம் சுற்றில், 53வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். வேகத்தில் பிழைக்காதவனுக்கு வேகம் குறைந்தால் பெரிய நஷ்டமில்லை. மாறாக, ஹூலியோ ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை, அதற்குமேல் 4.4 வினாடிக்குள் ஓடும் கால்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸில் பத்தாண்டு யாராலும் கட்டிப்போட முடியாத மனிதர். 2021 ஜூனில், 32 வயதில், அவரை டென்னசி டைட்டன்ஸ் வாங்கியது. கொடுத்தது 2022இன் இரண்டாம் சுற்று, 2023இன் நான்காம் சுற்று. கூடவே திரும்பி வந்தது ஒரு ஆறாம் சுற்று. 1.5 கோடி டாலருக்கும் மேற்பட்ட உறுதிச் சம்பளமும் டைட்டன்ஸ் தலையில். அந்த ஆண்டு ஜோன்ஸ் ஆடியது 10 ஆட்டம், பிடித்தது 31, எடுத்தது 434 யார்டு, டச்டவுன் ஒன்றே ஒன்று. தொடைத்தசை மறுபடி மறுபடி இழுத்தது. அடுத்த மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள்.

உடம்பை நம்பி ஆடியவர், உடம்பு தளர்ந்ததும் ஒரேயடியாக விழுந்தார். கால்நுணுக்கத்தை நம்பி ஆடியவர் மெதுவாகத்தான் இறங்குவார். ஆகவே, ஆடம்ஸின் திறமையை மட்டும் தராசில் வைத்தால் மூன்றாம் சுற்று குறைந்த விலை. ஜோன்ஸுக்கு இரண்டாம் சுற்று கொடுத்தவர்கள் இருக்கும்போது ஆடம்ஸுக்கு அதற்கும் மேல் கொடுத்திருக்க வேண்டும். இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் "ஜெட்ஸ் கொள்ளையடித்துவிட்டது" என்று அன்று எழுதினார்கள்.

நிறுத்தக் கூடாது. சம்பளத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024இல் அது 25.54 கோடி டாலர். அதற்குமேல் பணம் இருந்தாலும் செலவழிக்க வழியில்லை. எனவே ஒரு வீரரை வாங்கும்போது அவருடைய ஒப்பந்தத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள். ஆடம்ஸ் 2022இல் ரெய்டர்ஸுக்கு வந்தபோது போட்டது ஐந்தாண்டு, 14 கோடி டாலர் ஒப்பந்தம். அதன் கடைசி இரண்டு ஆண்டுகள், 2025உம் 2026உம், ஆண்டுக்கு 3.5 கோடி டாலருக்கும் மேல். அதில் ஒரு டாலர்கூட உறுதி செய்யப்பட்டதில்லை. 14 கோடி என்ற பெரிய எண் செய்தித்தாளில் வருவதற்காக அடுக்கப்பட்ட ஆண்டுகள் அவை. அந்தச் சம்பளத்தை 32, 33 வயது ரிசீவருக்கு யாரும் கொடுக்கப்போவதில்லை என்பது கையெழுத்திட்ட இரு தரப்புக்கும் அன்றே தெரியும்.

இதன் பொருள் என்ன? ஜெட்ஸ் வாங்கியது ஒரு ரிசீவரின் மிச்ச வாழ்நாளை அல்ல, 11 ஆட்டங்களை. பருவத்தில் மிச்சமிருந்தவை அவ்வளவுதான். அந்த 11 ஆட்டங்களுக்கு 2024இன் மீதிச் சம்பளம் 1.1 கோடி டாலருக்கும் மேல், முழுவதும் ஜெட்ஸின் கணக்கில். ஆட்டத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கும் அதிகம். மூன்றாம் சுற்றில் எடுக்கப்படும் ஓர் இளைஞனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 60, 70 லட்சம் டாலருக்குள் முடிந்துவிடும். ஜெட்ஸ் அந்த இளைஞனையும் இழந்தது, அவனுடைய நான்காண்டுச் சம்பளத்தைவிட அதிகமான தொகையை மூன்று மாதத்தில் செலவும் செய்தது.

இப்போது கூப்பரின் பேரத்தைப் பக்கத்தில் வையுங்கள். பில்ஸ் கொடுத்தது ஒரு மூன்றாம் சுற்றும் 2026இன் ஏழாம் சுற்றும். கூப்பரோடு ஓர் ஆறாம் சுற்றும் வாங்கிக்கொண்டது. ஆனால் கூப்பரின் சம்பளத்தின் பெரும்பகுதியை பிரவுன்ஸ் முன்கூட்டியே போனஸாக மாற்றிக் கொடுத்து முடித்திருந்தது. பில்ஸ் அந்தப் பருவத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர்தான். அதாவது பிரவுன்ஸ் தன் ரிசீவரை விற்கவில்லை, தன் பணத்தைப் போட்டு ஒரு மூன்றாம் சுற்றை வாங்கியது. சுற்றின் எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே விலை. பண நோட்டையும் எண்ணினால் ஜெட்ஸ் ஒரு கோடி டாலருக்கும் மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. முதிர்ந்த வீரர்களின் டிரேட் செய்தி வரும்போதெல்லாம் முதல் பத்தியில் சுற்று வருகிறது, யார் சம்பளத்தைச் சுமக்கிறார்கள் என்பது ஏழாவது பத்தியில் வருகிறது. உண்மையான விலை அந்த ஏழாவது பத்தியில்தான் கிடக்கிறது.

பத்து நாளுக்குள் டென்னசியிலிருந்து டீஆண்ட்ரே ஹாப்கின்ஸ் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்குப் போனார். வயது 32. விலை ஐந்தாம் சுற்று, அணி லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்குப் போய் அவரும் போதுமான அளவு ஆடினால் நான்காம் சுற்றாக உயரலாம் என்ற நிபந்தனையோடு. சம்பளத்தில் ஒரு பகுதியை டைட்டன்ஸே ஏற்றுக்கொண்டது. இதே ஹாப்கின்ஸை 2023 மே மாதத்தில் அரிஸோனா கார்டினல்ஸ் விற்கப் பார்த்து, அவருடைய பெரிய சம்பளத்தோடு வாங்க ஒருவரும் முன்வராததால் சும்மாவே விடுவித்தது. சம்பளம் கனமாக இருந்தபோது விலையே இல்லாத மனிதர், சம்பளம் இலேசானதும் ஐந்தாம் சுற்றுக்குப் போனார். இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பணம் ஒருபக்கம் இருக்கட்டும். ரிசீவரின் மதிப்பில் அவர் கையில் இல்லாத ஒரு பகுதி உண்டு: பந்தை எறிபவர். 2022இல் ரெய்டர்ஸ் அவ்வளவு கொடுத்ததற்குக் காரணமே குவார்ட்டர்பேக் டெரெக் கார்தான். ஃபிரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியில் ஆடம்ஸுக்குப் பந்து எறிந்தவர். அந்த ஆண்டு நவம்பரில் டென்வரில் நடந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கார் எறிய, ஆடம்ஸ் 35 யார்டு தூரத்தில் யாருமே பக்கத்தில் இல்லாமல் பிடித்துக் கோட்டைக் கடந்தார். 22-16. அந்த ஒரு நொடியைப் பார்த்தால் 22வது, 53வது தேர்வுகள் இரண்டும் வட்டியோடு திரும்பி வந்துவிட்டதாகவே தோன்றும். ஆறு வாரம்கூட ஆகவில்லை, காரை உட்காரவைத்துவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் அணியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். எந்தக் கைக்காக ஆடம்ஸ் வந்தாரோ அந்தக் கை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ரெய்டர்ஸ் அந்தப் பருவத்தில் 6 வெற்றி, 11 தோல்வி, அடுத்ததில் 8-9. ஆடம்ஸ் சொன்னபடி ஆடினார், வாங்கியவர்களின் அடித்தளம்தான் சரிந்தது.

ஜெட்ஸ் வாங்கியதும் ஒரு பழைய ஜோடிக்காகவே. கிரீன் பேயில் ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்து ஆடம்ஸ் பிடித்த டச்டவுன்கள் 68. கண்ணாலேயே பேசிக்கொள்ளும் ஜோடி. ஆனால் 2024 அக்டோபரில் ராட்ஜர்ஸுக்கு 40 வயது, 41ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டு குதிகால் தசைநாண் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தவர். தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலேவை ஜெட்ஸ் ஒரு வாரத்துக்கு முன்புதான் நீக்கியிருந்தது. அணியில் முதல் ரிசீவராக காரட் வில்ஸன் ஏற்கனவே இருந்தார், 2022இல் பத்தாவதாக எடுத்த இளைஞர். ஜெட்ஸுக்குக் குறை ரிசீவரில் இல்லை. கூரை ஒழுகும் வீட்டுக்குப் புதுக் கதவு வாங்கிப் போட்டது போலத்தான் இந்தப் பேரம் நடந்தது.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் எனக்கு ஜெட்ஸ் உள்ளூர் அணி. அக்டோபர் 31 இரவு ஹூஸ்டனை 21-13 என்று வென்றார்கள். ஆடம்ஸ் 37 யார்டு டச்டவுன் ஒன்று பிடித்தார். வீட்டில் கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. டிசம்பர் நடுவில் ஜாக்சன்வில்லில் அவர் ஆடியது அதைவிடப் பெரிது: 9 பிடி, 198 யார்டு, இரண்டு டச்டவுன். அதில் ஒன்று 71 யார்டு. வாங்கியது வீண் என்று அன்றைக்கு என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். 11 ஆட்டங்களில் மொத்தம் 67 பிடி, 854 யார்டு, 7 டச்டவுன். ஒரு முழுப் பருவமான 17 ஆட்டத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் 1,300 யார்டைத் தாண்டும். 31 வயதில், அதுவும் பருவத்தின் நடுவில் புது அணிக்கு வந்து!

அந்த 11 ஆட்டங்களில் ஜெட்ஸ் வென்றது மூன்று. பருவ முடிவில் 5-12.

கூப்பர் பஃபலோவில் சாதித்தது மிகக் குறைவு. 20 பிடி, 297 யார்டு, இரண்டு டச்டவுன். மணிக்கட்டுக் காயம் வேறு. ஆடம்ஸின் எண்களுக்குப் பக்கத்தில் வைக்கவே கூசும். ஆனால் பில்ஸ் 13-4 என்று முடித்து, சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டமான ஏஎஃப்சி இறுதி வரை போய், சீஃப்ஸிடம் மூன்று புள்ளியில் தோற்றது. ஹாப்கின்ஸ் 41 பிடி, 437 யார்டு, நான்கு டச்டவுன். ரஷீ ரைஸ் முழங்கால் காயத்தால் வெளியேறி சீஃப்ஸின் ரிசீவர் வரிசை காலியாகக் கிடந்த நேரம் அது. நவம்பரில் டாம்பா பேயோடு நடந்த ஆட்டத்தில் அவர் பிடித்த இரண்டு டச்டவுன்களும் இல்லாமல் சீஃப்ஸ் வென்றிருக்காது. அந்த அணி சூப்பர் பௌல் வரை போனது. மூன்று பேரங்களில் விலைக்கு ஏற்ற பயன் கிடைத்தது அதில்தான். கூப்பருக்குக் கொடுத்த மூன்றாம் சுற்று கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். ஆயினும் வெல்லக்கூடிய அணி, பணச்சுமை இல்லாமல், ஒரு காப்பீடு எடுத்துக்கொண்டதைத் தவறென்று சொல்ல மாட்டேன். காப்பீடு பயன்படாமல் போவது நஷ்டக் கணக்கில் சேராது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தாண்டாமல் தீர்ப்புக்குப் போக முடியாது. அந்த வாதத்தின் பெயர் ராண்டி மாஸ்.

மாஸும் ரெய்டர்ஸிடமிருந்து போனவர்தான். 2005இல் அவரை மினசோட்டா வைக்கிங்ஸிடமிருந்து ரெய்டர்ஸ் வாங்கியபோது கொடுத்தது ஏழாவது தேர்வு, லைன்பேக்கர் நெப்போலியன் ஹாரிஸ், ஒரு ஏழாம் சுற்று. இரண்டு பருவத்தில் எல்லாம் உளுத்துப்போனது. 2006இல் ரெய்டர்ஸ் 2-14, மாஸ் 42 பிடி, 553 யார்டு. கால் போய்விட்டது, மனசும் போய்விட்டது என்று எழுதினார்கள். 2007 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு, சரியாகச் சொன்னால் 110வது தேர்வுக்கு, வாங்கியது. அவருக்கு வயது 30. அந்தப் பருவத்தில் 98 பிடி, 1,493 யார்டு, 23 டச்டவுன். ஒரே பருவத்தில் 23 டச்டவுன் பிடித்த ரிசீவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பேட்ரியட்ஸ் 16-0. அந்த 110வது தேர்வில் ரெய்டர்ஸ் எடுத்த ஜான் பௌவியின் பெயர் இன்று இந்தக் கதையின் வாலாக மட்டுமே நினைவிருக்கிறது.

முதிர்ந்த ரிசீவரை வாங்கத் துடிக்கும் ஒவ்வொரு நிர்வாகியும் மாஸைத்தான் உதாரணம் காட்டுவார். "நான்காம் சுற்றுக்கு 23 டச்டவுன் கிடைத்ததே, மூன்றாம் சுற்றுக்கு ஆடம்ஸ் கிடைத்தால் என்ன?" நியாயமான கேள்வி. ஆனால் அந்த உதாரணத்தை முழுவதும் எடுத்துச் சொன்னால் அது என் பக்கம்தான் சாயும். மாஸ் சம்பளத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டு வந்தார். பந்து எறிந்தது 30 வயதைத் தொடவிருந்த டாம் பிரேடி, உச்சத்தில். அணி முந்தைய பருவத்தில் ஏஎஃப்சி இறுதி வரை போயிருந்தது. குறை என்றால் ரிசீவர் மட்டுமே குறை. வாங்கியது ஏப்ரலில், முழுப் பருவமும் பயிற்சிக் காலமும் கையில். இந்த நான்கில் ஒன்றுகூட 2024 அக்டோபரில் ஜெட்ஸிடம் இல்லை. மாஸ் பேரம் நல்ல பேரமானதற்கு மாஸ் பாதிக் காரணம், வாங்கிய இடம் மறுபாதி.

விற்றவர்களையும் எடைபோட வேண்டும். பேக்கர்ஸ் 2022இல் சரியான நேரத்தில் சரியான விலைக்கு விற்றது, வலியோடு. 22வது தேர்வில் லைன்பேக்கர் குவே வாக்கரை எடுத்தது. 53வது தேர்வையும் இன்னொன்றையும் கொடுத்து மேலே ஏறி ரிசீவர் கிறிஸ்டியன் வாட்ஸனை எடுத்தது. 2022இல் 8-9 என்று தடுமாறியது உண்மை. ஆனால் 30ஐ நெருங்கும் ரிசீவருக்கு 13வது தேர்வின் மதிப்பு கிடைக்கும்போது விற்காமல் வைத்திருந்தால், இரண்டரை ஆண்டு கழித்து அதே ஆளுக்குக் கிடைப்பது என்ன என்று நாம் பார்த்துவிட்டோம்.

2024இன் ரெய்டர்ஸ் பேரத்தை இன்னும் அதிகமாகப் பாராட்டுவேன். அவர்களும் அன்று 2-4தான். ஆள் போக வேண்டும் என்கிறார். அடுத்த மார்ச்சில் 3.5 கோடி டாலர் கொடுக்க முடியாமல் எப்படியும் சும்மா அனுப்பியாக வேண்டியவர். அவர்கள் கையிலிருந்த மாற்று மூன்றாம் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் இல்லை. மூன்றாம் சுற்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருந்தது. அதிலும் ஒரு நிபந்தனை போட்டு வைத்தார்கள்: ஆடம்ஸ் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல்-புரோ பட்டியலில் இடம்பெற்றாலோ, ஏஎஃப்சி இறுதியிலோ சூப்பர் பௌலிலோ ஜெட்ஸுக்காக அணியில் இருந்தாலோ தேர்வு இரண்டாம் சுற்றாக உயரும். இத்தகைய நிபந்தனை என்பது இரு தரப்பின் கருத்து வேறுபாட்டை எழுத்தில் போடும் முறை. "இவரோடு நாங்கள் எங்கோ போவோம்" என்று வாங்குபவர் நம்புகிறார். "போனால் கூடக் கொடு" என்கிறார் விற்பவர். ஜெட்ஸ் எங்கும் போகவில்லை. ஆனால் போகாவிட்டாலும் மூன்றாம் சுற்று ரெய்டர்ஸுக்கு உறுதி. அபாயம் முழுவதையும் வாங்கியவர் சுமந்தார்.

என் தீர்ப்பு இது. 31 வயதில், ரிலீஸ் வித்தை குறையாத ஆடம்ஸ் போன்ற ஒருவருக்கு, அக்டோபர் மாதத்தில், வெற்றி பெறும் அணி ஒன்று, சம்பளம் முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டால் நான்காம் சுற்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது. விற்பவர் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சுமந்தால் மூன்றாம் சுற்று நியாயம். இரண்டு வெற்றி, நான்கு தோல்வியோடு, பயிற்சியாளரை நீக்கிவிட்டு நிற்கும் அணிக்கு எந்தச் சுற்றும் நியாயமில்லை. ஜெட்ஸ் மூன்றாம் சுற்றையும் கொடுத்தது, முழுச் சம்பளத்தையும் ஏற்றது. பேரத்தை முடித்த பொது மேலாளர் ஜோ டக்ளஸ் நவம்பர் 19 அன்று வேலை இழந்தார். ஆடம்ஸ் மீது ஒரு குற்றமும் இல்லை. அவர் தன் விலைக்கு மேல் உழைத்தார். அதனால்தான் இந்தப் பேரத்தைப் பலர் இன்னமும் நல்ல பேரம் என்று நினைக்கிறார்கள். களத்தில் ஆடியவரைப் பார்க்கிறார்கள், கல்லாவைப் பார்ப்பதில்லை.

2025 மார்ச் தொடக்கத்தில் ஜெட்ஸ் ஆடம்ஸை விடுவித்தது. கிடைத்தது ஒன்றுமில்லை. சில நாட்களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரோடு இரண்டாண்டு, 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ராம்ஸ் யாருக்கும் எந்தச் சுற்றும் கொடுக்கவில்லை. ஐந்து மாதம் காத்திருந்ததற்குக் கிடைத்த தள்ளுபடி ஒரு முழு மூன்றாம் சுற்று. பந்து எறிய மாத்யூ ஸ்டாஃபோர்டு இருந்தார், அணி முந்தைய பருவத்தில் பிளேஆஃப் ஆடியிருந்தது, கோடைக்காலம் முழுவதும் சேர்ந்து பயிற்சி செய்ய நேரம் இருந்தது. 2025 பருவத்தில் ஆடம்ஸ் 14 டச்டவுன் பிடித்தார், 32 வயதில். பெரும்பாலானவை எதிரணியின் கோட்டுக்கு அருகில், நெருக்கத்தில், அதே பழைய கால்தட்டலில்.

அதே ராம்ஸ், அதே மார்ச்சில், தன் ரிசீவர் கூப்பர் கப்பை விற்க முயன்றுகொண்டிருந்தது. 2021இல் 145 பிடி, 1,947 யார்டு, 16 டச்டவுன், அதற்குமேல் சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அவருக்கு அப்போது 31 வயது, ஜெட்ஸ் வாங்கியபோது ஆடம்ஸுக்கு இருந்த அதே வயது. விற்பனைக்கு என்பது பிப்ரவரியிலேயே வெளியே தெரிந்துவிட்டது. ஒப்பந்தம் கனமாக இருந்தது. ஏழாம் சுற்று கொடுக்கக்கூட ஆள் வரவில்லை. மார்ச் 12 அன்று அவரையும் சும்மா விடுவித்தார்கள். சியாட்டில் வந்து எடுத்துக்கொண்டது.